காசில்லாமல் குழந்தைக் கதை வீடியோ செய்ய: கருவிகளும் பொதுவளங்களும்

கேள்வி சுருக்கமாக இதுதான். மூன்று நண்பர்கள் சேர்ந்து குழந்தைகளுக்கான தமிழ்க் கதை வீடியோக்கள் செய்யப்போகிறீர்கள். கையில் 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், சின்னதாக ஒரு டிராயிங் டேப்லெட், ஒரு போன். மென்பொருள் வாங்கப் பணமில்லை. விலையுள்ள மென்பொருள் எல்லாவற்றையும் கிராக் போட்டு, அதாவது உரிமப் பூட்டை உடைத்து, தருகிறேன் என்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதி உள்ள மென்பொருளை) வைத்தே இதைச் செய்ய முடியுமா, படமும் இசையும் எங்கே எடுப்பது, காப்பிரைட் தொல்லை வராமலிருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் பதிலில் பாதிக்கு மேல் படம், இசை, உரிமம் பற்றியே பேசப்போகிறேன். நான் பார்த்தவரை, புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த மென்பொருள் நல்லது என்பதில் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் சேனலுக்கு அடி விழுவது பின்னணி இசையால். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இருபது வீடியோவில் கலந்துவிட்ட ஒரு பாட்டை மாற்றுவது சுலபமில்லை.

முதலில் அந்த கிராக் யோசனையை விட்டுவிடுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அதை நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். உள்ளே என்ன வருகிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் யூடியூப் கணக்கும் வங்கிக் கணக்கும் அதே லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அப்புறம், நாளை ஒரு பள்ளியோ தொண்டு நிறுவனமோ பத்து வீடியோ செய்துகொடுங்கள் என்று கேட்டால், கணக்கில் காட்ட முடியாத கருவியில் செய்த வேலையோடு போய் நிற்க வேண்டியிருக்கும்.

இலவசக் கருவி என்றால் தரம் குறைவாக இருக்குமோ என்ற சந்தேகம் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. பிளெண்டரின் கதையைச் சொன்னால் அது தீரும். நெதர்லாந்தில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோ தன் சொந்த வேலைக்காக எழுதிய முப்பரிமாண மென்பொருள் அது. அதை விற்பதற்காகத் தொடங்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. மென்பொருள் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. அதை உருவாக்கிய டோன் ரூசென்டால், 1 லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட நிரலை, எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று அவர்களிடம் பேசி முடித்தார். உலகம் முழுக்கப் பயனர்கள் ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். 2002 அக்டோபரில் அது கட்டற்ற மென்பொருளானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்யப்பட்டது. பெரிய ஸ்டுடியோக்களின் படங்களோடு போட்டியிட்டு வாங்கிய பரிசு அது. உங்கள் லேப்டாப்புக்கு பிளெண்டர் கொஞ்சம் கனம்தான், இப்போது அதைத் தொட வேண்டாம். ஆனால் கட்டற்ற கருவி என்பதாலேயே வேலை மட்டமாகிவிடும் என்று இனி யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

உங்களுக்கு முதலில் வேண்டியது கிரிட்டா. கையால் வரைபவர்களுக்காகவே செய்யப்பட்ட மென்பொருள். தூரிகைகள் அருமையாக இருக்கும். நடுங்கும் கோட்டைச் சீராக்கும் வசதியும் உண்டு. கண் சிமிட்டுவது, வாய் அசைவது போன்ற சின்ன அனிமேஷனை அதிலேயே செய்துவிடலாம். 8 ஜிபி ரேமில் 1920க்கு 1080 அளவில் வரையுங்கள், 4கே பக்கம் போகாதீர்கள். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படத் தாள்) கூடக்கூட மெதுவாகும்; முடிந்த லேயர்களை அவ்வப்போது இணைத்துவிடுங்கள், ஆனால் இணைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸ் ஸ்டோரில் கிரிட்டா விலைக்கு இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதே மென்பொருள் அவர்களுடைய தளத்தில் இலவசம். ஸ்டோரில் கொடுக்கும் பணம் அதை உருவாக்குபவர்களுக்கு உதவப் போகிறது.

இங்க்ஸ்கேப் தலைப்பு எழுத்துக்கும், கை கால் தனித்தனியாக அசைக்கவேண்டிய வெட்டுப் பொம்மை மாதிரியான பாத்திரங்களுக்கும். அதில் வரைவது வெக்டர் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கோப்பு எஸ்விஜி என்ற பொது வடிவத்தில் சேமிக்கப்படுவதால், பத்து வருடம் கழித்து வேறு மென்பொருளிலும் திறக்கும். போட்டோ திருத்த கிம்ப் போதும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு முன்பிருந்ததைவிட எவ்வளவோ மேல். உங்கள் கதையை நாளை புத்தகமாக அச்சடிக்க நினைத்தால் ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். பழைய 1.4 பதிப்பில் தமிழின் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு இந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தமிழில் வேலை செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நம் ஊர் டிடிபி கடைகளிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். தேடினால் கிடைக்காது, வசன வரியாகவும் மாற்ற முடியாது. முதல் நாளிலிருந்தே எல்லாக் கணினியிலும் ஒரேமாதிரி திறக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. கூகிள் ஃபான்ட்ஸ் தளத்தில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. வீடியோவில் பயன்படுத்தலாம், புத்தகத்தில் அச்சடிக்கலாம், அதை வைத்துச் சம்பாதிக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. குழந்தைக் கதைத் தலைப்புக்கு என் தேர்வு பலூ தம்பி. தடித்து, உருண்டு, வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கும் எழுத்து பிடிபடும்படி இருக்கும்.

குரலுக்கு ஆடாசிட்டி. நல்ல மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போனிலேயே பதியலாம். ஃபேனை அணைத்துவிட்டு, துணி அலமாரி அல்லது மெத்தை உள்ள சின்ன அறையில் உட்காருங்கள். பேசத் தொடங்கும் முன் சில விநாடி சும்மா விடுங்கள். அந்த வெற்றுச் சத்தத்தை மாதிரியாகக் காட்டினால், பதிவு முழுக்க உள்ள இரைச்சலை ஆடாசிட்டி குறைத்துத் தரும். அதிகமாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகும், அளவோடு நிறுத்துங்கள்.

எடிட்டிங்குக்கு கேடன்லைவ். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் ஷாட்கட். கேடன்லைவில் ப்ராக்சி என்ற வசதியை முதலில் இயக்குங்கள்: எடிட் செய்யும்போது சின்ன நகலைக் காட்டும், இறுதியில் அசலிலிருந்து வீடியோவை உருவாக்கும். பழைய லேப்டாப்புக்கு இது இல்லாமல் முடியாது. டாவின்சி ரிசால்வ் இலவசமாயிற்றே என்று பலர் சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அது கட்டற்றதல்ல, காசு வாங்காத தனியுரிமை மென்பொருள். எதை இலவசத்தில் கொடுப்பது, எதை எடுப்பது என்பது அந்த நிறுவனத்தின் விருப்பம். தவிர, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அது மூச்சுவாங்கும். போனில் எடுத்த வீடியோவைச் சேர்க்கும்போது பேச்சும் உதடும் மெல்ல மெல்ல விலகினால் பயப்படாதீர்கள். போன்கள் மாறும் ஃப்ரேம் வேகத்தில் (விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு கூடியும் குறைந்தும்) பதிவதால் வருவது அது. வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கருவிகள் இவ்வளவு போதும். இனி படம், இசை, கதை எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம்.

கூகிளில் கிடைத்தது என்பது எந்த அனுமதியும் அல்ல. பத்து விநாடி வரை யார் பாட்டையும் போடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. ‘இசையின் உரிமை எங்களுடையதல்ல’ என்று கீழே எழுதுவதாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் தேடவேண்டியது இரண்டு வகை: பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, உரிமையாளரே வெளிப்படையாக அனுமதி கொடுத்தவை.

இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி) உரிமங்கள்தாம்; என் படைப்பை இந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஆயத்த அனுமதிகள் அவை. முதல் தொகுதி 2002 டிசம்பரில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2013இல் வந்த 4.0. சிசி ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. பிஒய் என்றால் பெயரைக் குறிப்பிட வேண்டும். எஸ்ஏ என்றால் அதை மாற்றிச் செய்த படைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது; விளம்பர வருமானத்தை எதிர்பார்க்கும் சேனல் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. என்டி என்றால் மாற்றக்கூடாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இசையை ஓடும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது மாற்றப்பட்ட படைப்பு என்று உரிமத்தின் வாசகமே சொல்கிறது. ஆகவே என்டி போட்ட இசையை ஒரு நொடிகூட வெட்டாமல் முழுதாக வைத்தாலும் வீடியோவில் பயன்படுத்த முடியாது. எஸ்ஏ போட்ட இசையை வைத்தால் உங்கள் வீடியோவும் அதே எஸ்ஏ உரிமத்தில் போக வேண்டும். பிஒய், பிஒய்-எஸ்ஏ, சிசி ஜீரோ மூன்றையும் தவிர மற்ற எதையும் எடுப்பதில்லை என்று உங்கள் குழுவில் முடிவுசெய்துவிடுங்கள். இசைக்கு எஸ்ஏகூட வேண்டாம் என்றால் இன்னும் எளிது.

உங்கள் வேலைக்கு என்றே அமைந்த ஒரு களஞ்சியம் இருக்கிறது: குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். குழந்தைக் கதைகள், தமிழ் உட்படப் பல மொழிகளில், ஓவியங்களோடு, பெரும்பாலும் சிசி பிஒய் 4.0 உரிமத்தில். கதையை எடுத்துக் குரல் கொடுத்து வீடியோவாக்கலாம், அதில் வருமானமும் பார்க்கலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், பதிப்பாளர் எல்லார் பெயரும் வர வேண்டும். முதல் வீடியோவுக்கு இங்கிருந்து ஒரு கதையை எடுங்கள் என்பேன். சொந்தக் கதை, சொந்தப் படம், சொந்தக் குரல் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் நின்றவர்கள் நிறைய.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். என்சி, என்டி இரண்டையும் அங்கே ஏற்பதே இல்லை என்பதால் பாதி வடிகட்டல் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆனால் பெரும்பாலான புகைப்படங்கள் பிஒய்-எஸ்ஏ. பழைய கலைப்பொருள்கள் வேண்டுமென்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலிருந்தும், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் அருங்காட்சியகம் 2019இலிருந்தும் தங்கள் படங்களை சிசி ஜீரோவில் தருகின்றன. கிளீவ்லாண்டில் உள்ள சோழர் கால நடராசர் செப்புத்திருமேனியின் படத்தை அச்சுத் தரத்தில் இறக்கிக்கொள்ளலாம். நம் சிற்பத்தின் நல்ல படத்தை ஓஹையோவிலிருந்து எடுக்கவேண்டியிருக்கிறதே என்பது எனக்கு ஆறாத வருத்தம். நம் அருங்காட்சியகங்களும் இதைச் செய்யவேண்டும். பிக்சாபே, அன்ஸ்பிளாஷ் இரண்டும் ஒருகாலத்தில் சிசி ஜீரோவாக இருந்து, பிறகு சொந்த உரிமத்துக்கு மாறியவை. பயன்படுத்தலாம், ஆனால் அந்தத் தளத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டு.

சத்தங்களுக்கு ஃப்ரீசவுண்ட், பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கியது. மழை, கதவு, ரயில், காக்கை எல்லாம் கிடைக்கும். தேடும்போதே உரிமத்தை சிசி ஜீரோ என்று வடிகட்டிக்கொள்ளுங்கள், அங்கே என்சியும் கலந்திருக்கிறது. பறவைக் குரல் தேடினால் செனோ-கான்டோ என்ற அற்புதமான தளம் கண்ணில் படும். குயிலும் செம்போத்தும் அதில் அத்தனை தெளிவாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பதிவுகள் என்சி. அதற்குப் பதில் விடிகாலையில் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் நீங்களே பதியலாம். தேங்காய் துருவும் சத்தம், பூம்பூம் மாட்டுக்காரரின் உறுமி, டவுன் பஸ் கண்டக்டரின் விசில் எல்லாம் நாம் பதிந்து போட்டால்தான் உண்டு.

இசையில் பாதுகாப்பான வழிகள் குறைவு. கெவின் மெக்லியோட் தன் இன்காம்பெடெக் தளத்தில் பிஒய் உரிமத்தில் தரும் இசையை உலகமே பயன்படுத்துகிறது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியும் யூடியூபுக்குள் பாதுகாப்பானது. வெளியே அந்த வீடியோவைக் கொண்டுபோவதாக இருந்தால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் பாருங்கள். ஆனால் இவை எதிலும் நம் ஊர் வாசனை இருக்காது. அதற்குப் பதிப்புரிமை முடிந்தவற்றுக்குத்தான் போக வேண்டும்.

இந்தியாவில் எழுத்துக்கும் பாடலுக்கும் இசையமைப்புக்கும், ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தார், அவருடைய கீர்த்தனைகள் எல்லாருக்கும் சொந்தம். குழந்தைகளுக்காக எழுதிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார். 2014 முடிவில் அவருடைய பாடல்கள் பொதுவாகிவிட்டன. பாரதியார் 1921. அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒருகாலத்தில் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் கையில் இருந்தது. பாரதி பாட்டு மக்களுக்கே சொந்தம் என்று எழுந்த இயக்கத்தின் பின்னணியில் அவர் ஈடு எதுவும் கேட்காமல் அதை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. கிரியேட்டிவ் காமன்ஸ் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு கவிஞரின் பாட்டைப் பொதுச்சொத்தாக்க வேண்டும் என்று தமிழர்கள் தெருவில் இறங்கிப் பேசியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பின்னால் இல்லை.

ஆனால் பாட்டு வேறு, பதிவு வேறு. ஒலிப்பதிவுக்குத் தனியாக, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாரதி பாட்டை நீங்கள் பாடலாம், உங்கள் பிள்ளை பாடலாம். புகழ்பெற்ற பாடகர் பத்து வருடம் முன்பு பாடி வெளியிட்ட பதிவை எடுக்க முடியாது. சினிமாவில் வந்த மெட்டிலேயே பாடினால் அந்த இசையமைப்பாளரின் உரிமையும் குறுக்கே வரும். இதையே திருப்பியும் பாருங்கள்: 1960இல் வந்த ஒரு திரைப்பாட்டின் பதிவுக்கு இந்தியாவில் காலம் முடிந்திருக்கலாம், ஆனால் எம். எஸ். விஸ்வநாதன் 2015இல்தான் மறைந்தார், அவர் போட்ட மெட்டுகளுக்கு 2075 வரை காலம் இருக்கிறது. பாட்டி பாடும் தாலாட்டு யாருக்கும் தனிச்சொத்தல்ல. இன்னொருவர் பதிந்துவைத்த தாலாட்டுப் பதிவு அவருடையது. ஆகவே பக்கத்துத் தெருவில் வீணை கற்கும் பெண்ணையோ, ஊர்க் கோயில் நாகசுரக்காரரையோ கேளுங்கள். கொஞ்சம் பணம் கொடுங்கள். வாசித்த பதிவை இந்த இந்த வகையில் வெளியிடச் சம்மதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கலைஞருக்குத் தன் நிகழ்த்துதலின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி, மற்றதெல்லாம் அவசரத்துக்கு.

பழைய நூல்களைத் தேட மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் தளம் ஆகிய மூன்றும் போதும். நூலகம் தளத்தில் உள்ள எல்லாமே உரிமை முடிந்தவை அல்ல, படிக்கக் கிடைப்பதாலேயே வீடியோவாக்கிவிட முடியாது.

இத்தனை கவனமாக இருந்தாலும், வேறொருவர் இசையை எடுத்துவிட்டீர்கள் என்று யூடியூபின் தானியங்கி முறை ஒருநாள் தவறாகப் பிடிக்கும். பிஒய் இசையை வேறு யாரோ தன் பாட்டில் கலந்து, அதைத் தனதென்று பதிந்துவைத்திருப்பார். அந்த நாளுக்காக ஒரு லிப்ரெஆபிஸ் கால்க் (எக்செல் மாதிரியான கட்டற்ற மென்பொருள்) கோப்பு வைத்திருங்கள்: கோப்பின் பெயர், எங்கிருந்து எடுத்தது, படைத்தவர், உரிமமும் அதன் பதிப்பு எண்ணும், இறக்கிய தேதி, உரிமம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட். வேலை நடக்கும்போதே நிரப்புங்கள், கடைசியில் ஞாபகப்படுத்தி எழுதுவது நடக்காது. மறுப்பு அனுப்பும்போது இதுதான் கைகொடுக்கும். பதிப்பு எண் எதற்கு என்றால், 4.0இல் பெயர் போட மறந்தது தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். பழைய 2.0, 3.0இல் அந்தச் சலுகை இல்லை. சின்னப் பிழையைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டுபவர்கள் பழைய பதிப்புகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். யூடியூபில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று குறித்திருக்கும் வீடியோவையும் அப்படியே நம்பாதீர்கள். ஏற்றியவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பாருங்கள்.

உங்கள் வீடியோவை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பிஒய்-எஸ்ஏ. யாரும் எடுத்து வேறு மொழியில் குரல் கொடுக்கலாம், பள்ளியில் திரையிடலாம். ஆனால் அவர்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் திறந்துதான் வைக்கவேண்டும். யூடியூபின் உரிமப் பட்டியலில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் தேர்வு பிஒய் மட்டும்தான், அதனால் அங்கே வழக்கமான உரிமத்தை விட்டுவிட்டு, விளக்கப் பகுதியில் ‘பிஒய்-எஸ்ஏ 4.0’ என்று எழுதுங்கள். கூடவே கிரிட்டா கோப்புகளையும், இசை சேர்க்காத குரல் பதிவையும் கோப்புகளை இலவசமாகச் சேமித்துத் தரும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஏற்றிவிட்டு அந்த இணைப்பையும் கொடுங்கள். மட்டக்களப்பிலோ பினாங்கிலோ ஓர் ஆசிரியர் தன் வகுப்புக்கு ஏற்றபடி பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ள நினைத்தால், அவருக்கு முடிந்த வீடியோவைவிட அந்தக் கோப்புகள்தான் தேவைப்படும்.